பதினேழு பத்துக்கும் பதினேழு முப்பத்தைந்துக்கும் நடுவில்

பதினான்காவது கட்டம் மட்டும் பாக்கி. மற்ற எல்லாவற்றையும் பூங்கோதை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள், ஆங்கிலத்தில், கறுப்பு மையில், ஓர் எழுத்தின் கால்கூடக் கோட்டைத் தாண்டாமல். பத்தொன்பது வருஷம் வினிபெக்கில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, வேலைத்தளத்தில் அடிபட்டவர்கள் எழுதி அனுப்பிய படிவங்களைப் படித்து, இவருக்குக் கொடு, இவருக்குக் கொடுக்காதே என்று சொன்னவளுக்குப் படிக்கிறவன் கண் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்று தெரியாதா என்ன. பதினான்கில்தான் நிற்கும். காயம் ஏற்பட்ட சூழ்நிலை, விண்ணப்பதாரரின் சொந்த வார்த்தைகளில். சொந்த வார்த்தைகளில் என்று கேட்கிற கட்டம்தான் எந்தப் படிவத்திலும் பொறி, மனிதன் அங்கேதான் தன்னை அறியாமல் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிடுவான், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் இல்லையென்று ஆக்கிவிடலாம், அதைக் கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி என்று அங்கே பெயர் வாங்கியிருந்தாள். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக் என்றது. அந்த டக் வரும் வரை மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். பக்கத்தில் அப்பா, எத்திராஜ், எழுபத்தைந்து வயது, சலவைச் சட்டை, தோளில் போடவேண்டிய துண்டை மடியில் போட்டு அதற்குள் வலது கையை வைத்துக்கொண்டு, முன்னாள் படைவீரர் நல அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த ஆட்சேர்ப்பு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரே விளம்பரத்தை முக்கால் மணி நேரமாக. "அதிகாரி கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கார், ஒரு மணிக்குள்ள வந்துடுவார், நீங்க ஃபார்ம முடிச்சு வைங்க மேடம்" என்று கவுண்டரில் இருந்த ஷாகிரா சொல்லியிருந்தாள். முடித்து வைப்பதாம். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள்.

துண்டுக்குள் இருக்கும் கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் உண்டு. நடுவில் மூன்று மொட்டுகள், நுனி பளபளவென்று, தேய்ந்த சோப்பு மாதிரி. சின்ன வயதில் அந்த மூன்றையும் தொட்டுப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பனிமலை உச்சியில் இருந்த காவல் நிலையில் போனது என்று தெரியும், எப்படிப் போனது என்பதும் ஊருக்கே தெரியும். பீடி பற்றவைக்கக் கையுறையைக் கழற்றினார், குளிரில் விரல் விறைத்துப் போயிற்று. பட்டாளக்காரர்கள் நிறைந்த ஊரில் ஒரு மனிதனுக்கு அதற்குமேல் பெயர் வைக்க வேண்டியதில்லை. பீடி எத்திராஜ். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிப்பார். அம்மா சாகும்வரை, எந்த வாயால அந்தப் பீடியக் குடிச்சாரோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள், கோபமில்லாமல், பல்வலியைப் பற்றிச் சொல்வது மாதிரி. ஆனால் அவர் பீடி குடித்து அவள் பார்த்ததே இல்லை. இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் மனசு இடறும். விடுமுறைக்கு வந்த அப்பாவிடம் டிரங்குப் பெட்டியின் வாசனை இருக்கும், பூட்ஸ் பாலிஷ் வாசனை, ரயிலின் இரும்பு வாசனை, பீடி வாசனை இல்லை. மூக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் பதினோரு வயதில் அதை எடுத்து யாரிடம் கேட்பது, கேட்கவேண்டும் என்று எங்கே தோன்றியது. முப்பத்தேழு வருஷம் கழித்து, அம்மா போனபிறகு ஊரோடு வந்து, பரணிலிருந்த டிரங்குப் பெட்டியைத் துடைக்கும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டினாள், வேலைப் பழக்கம். பதக்கங்கள் பகுதியில் ஐந்து வரி. ஆறாவது வரியில் எதையோ எழுதி அடித்திருந்தது. அடித்தல் என்றால் அவள் விடமாட்டாள்.

"இன்னா பீடி, மெடல் வாங்க வந்துட்டியா?" எதிர்ப் பெஞ்சிலிருந்து தாமோதரன், அவரும் ஊர்க்காரர், அவரும் பட்டாளம், விதவை மகளுக்காக ஏதோ சான்றிதழ் வாங்க வந்திருந்தார். "வாங்கினா எங்களுக்கெல்லாம் ஒரு கட்டு வாங்கிக் குடு. இல்ல, தீப்பெட்டியாச்சும்." பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா விளம்பரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உனுக்கு இன்னாத்துக்கு தாமு தீப்பெட்டி, உன் வாயே போதும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள், தாமோதரனும் சிரித்தார். இவர்களுக்குள் இது அன்புதான், அவள் புரிந்துகொள்கிறாள், ஆனால் சிரிப்பு முடிந்ததும் அப்பாவின் கை துண்டுக்குள் இன்னும் ஒரு மடிப்பு உள்ளே போயிற்று, அதையும் பார்த்தாள். ஊர் முகப்பில் பட்டாளத்தார் சங்கத்தினர் கல் வைக்கப்போகிறார்கள், பட்டாளத்துக்குப் போன அத்தனை பேருடைய பெயரும், பெயருக்கு நேராகப் பதக்கங்களும். மாசக் கடைசியில் செதுக்க ஆள் வருகிறது. "விண்ணப்பம் குடுத்த ரசீதக் காட்டும்மா, பேருக்குப் பக்கத்துல எடம் விட்டுச் செதுக்கச் சொல்றேன்" என்று சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். கல்லில் ஒரு காலி இடம். அது அவளை எங்கேயோ தைத்தது. காலியிடம் நிரம்பாமலே போனால்? மழையில் வெயிலில் எல்லார் பதக்கமும் மங்க, அப்பா பெயருக்குப் பக்கத்தில் மட்டும் மழமழவென்று ஒரு வெறுமை, போகிறவன் வருகிறவனெல்லாம் அங்கே என்ன இருந்திருக்கவேண்டும் என்று கேட்க, இன்னொருவன் பீடி என்பான்.

அடித்த வரியைத் தேடித் தகவல் கேட்டு எழுதியதில் பதினான்கு மாதம் கழித்து ஒரு கட்டு நகல் வந்தது. தீரச் செயலுக்கான பதக்கத்துக்குப் பரிந்துரை. விசாரணைக்குப் பின் கைவிடப்பட்டது. காரணம், ஆணையை மீறிப் பீடி பற்றவைப்பதற்காகக் கையுறையைக் கழற்றியது. காயம் சொந்த அலட்சியத்தால். அலட்சியம். அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் பழைய சிநேகிதியைக் கூட்டத்தில் பார்த்தது போல இருந்தது அவளுக்கு, எத்தனை கோப்பில் அந்தச் சொல்லைத் தன் கையால் எழுதியிருப்பாள். பரிந்துரையின் நகலும் கூட இருந்தது, அதைப் பலமுறை படித்து மனப்பாடமே ஆகிவிட்டது: எதிரியின் குண்டு விழுந்து காவல் நிலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே போன் வயர் அறுந்துவிட்டது, இரண்டு பேர் போகவேண்டிய வேலை, கூட வரவேண்டியவன் தலைவலியில் கூடாரத்தில் சுருண்டு கிடக்க, லைன்மேன் எத்திராஜ் தனியாக இறங்கிப்போய், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே, பனியைத் தோண்டி அறுந்த இரண்டு முனையையும் கண்டுபிடித்து இணைத்தார், அந்த லைனில் போன செய்தியால் மேலே இருந்த ஒன்பது பேரைப் பத்திரமாக இறக்கினார்கள். ஒன்பது பேர். தடித்த கையுறையோடு வயரைச் சீவ முடியாது, முறுக்க முடியாது, டேப் சுற்ற முடியாது, எந்த லைன்மேனைக் கேட்டாலும் சொல்வான். கையுறையைக் கழற்றக்கூடாது என்று ஆணை, கழற்றாமல் நடக்காத வேலை, இரண்டையும் ஒரே மனிதனிடம் கொடுத்து அனுப்புவார்கள். அவள் துள்ளிக் குதித்தாள் அன்றைக்கு. பீடியில்லை, வயர்! "அப்பா, நீங்க ஜாயிண்ட் போடத்தானே கழட்டினீங்க, ஏன் பீடின்னு சொன்னீங்க?" அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "பழைய கத பாப்பா. விடு" என்றார். பிய்த்தது இடது கை. அதுவும் அந்த ஊரில் பேச்சாகியிருந்தது ஒருகாலத்தில், இடது கையால் சாப்பிடுகிறவன் என்று.

விட்டிருக்கலாம். கட்டின் கடைசித் தாள்தான் விடவில்லை, அடிவாரத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் பதிவேடு. பட்டாளத்து மணிக்கணக்கில் 17.10, லைன் சரியானது. அடுத்த வரி 17.35, லைன்மேன் துண்டித்தார். மூன்று விநாடிகூட ஆகவில்லை, அவள் கண் போய் நின்றுவிட்டது. ஜாயிண்ட் போட்டதும் லைன்மேன் தன் சோதனைப் போனை வயரில் மாட்டி, கேக்குதா என்று கேட்பான், கேக்குது என்பார்கள், கழற்றிக்கொண்டு கிளம்புவான். ஒரு நிமிஷ வேலை. இருபத்தைந்து நிமிஷம் எதற்கு? கைவிட்ட பதக்கத்தை மறுபடி கேட்கும் விண்ணப்பத்தோடு பதிவேட்டை இணைக்காவிட்டால் அவர் லைன் போட்டதற்கே அத்தாட்சி இல்லை, இணைத்தால் இந்த இருபத்தைந்து நிமிஷமும் கூடவே போகும். மேஜைக்கு அந்தப் பக்கம் அவளைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவளுக்கும் மூன்று விநாடி போதும். ஒருமுறை வினிபெக்கில் ஒரு பட்டறைத் தொழிலாளி, பெயர் ஞாபகமில்லை, கோப்பு எண் மட்டும் ஞாபகமிருக்கிறது, கீழே விழுந்த சின்னத் திருகாணியை எடுக்கக் கையுறையைக் கழற்றினேன் என்று எழுதியிருந்தான், ஒரு நிமிஷம்தான் என்று அடியில் கோடு போட்டிருந்தான். ஒரு நிமிஷக் குளிரில் விரல் போகாது என்று மருத்துவர் சொன்னார். தவிர்த்திருக்கலாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள். திருகாணியை விட்டுவிட்டு அவன் வேறென்ன செய்துகொண்டிருந்தான் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த ஊரில் பஸ்ஸுக்காக நிற்கும்போது சாவி கீழே விழுந்தால்கூட அவள் கையுறையோடுதான் துழாவுவாள், பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரித்தாலும். பத்தொன்பது குளிர்காலத்தில் ஒருநாள்கூட வெட்டவெளியில் விரலை வெளியே காட்டியதில்லை. எதற்கு அப்படி ஒரு பயம் என்று அப்போது தெரியாது. இப்போது தெரிந்து, இந்தப் புழுக்கத்தில், முதுகில் வியர்வை வழிய, நகக்கண்ணெல்லாம் குறுகுறுக்கிறது.

"தண்ணி கீதா பாப்பா?" பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்து, "இன்னும் எழுதலியா அத?" என்றார். "எழுதறேன்பா." "ரெண்டே வரிதான. ஒயர் அறுந்துது, ஜாயிண்ட் போட்டேன். அவ்ளோதான்." அவ்ளோதான். நேற்று மத்தியானம் வரை அவளும் அவ்ளோதான் என்றுதான் இருந்தாள், அல்லது அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்த ஆபரேட்டர் ஞானசிகாமணி மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறார் என்று சங்கத்தின் மூலமாகத் தெரிந்து, சாட்சிக் கடிதம் கேட்டாள், அதுவும் வந்தது, அதில் 17.10 மட்டும் இருந்தது. போன் செய்து, "மாமா, 17.35 என்னது?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் கோழி கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. "மக்ளே," என்றார் பிறகு, "அத எதுக்கு நோண்டுக?" "என் வேலையே அதுதான் மாமா." "ஒங்கப்பன் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான் கேட்டியா." "யார்கிட்ட சொல்லக்கூடாதுன்னு?" "ஒன்கிட்டத்தான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நேற்றிலிருந்து எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாயிற்று, ஓட்ட ஓட்ட அது தேயாமல் கூர்மையாகிறது. மேலே இருக்கிறவர்களுக்குத் தபால் போய்ச் சேர மாதக்கணக்காகும், ஹெலிகாப்டர் அரிசியையும் மண்ணெண்ணெயையும்தான் முதலில் ஏற்றும், அதனால் அடிவாரத்துக்கு வந்த கடிதங்களை எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் பிரித்து, லைன் சும்மா இருக்கிற நேரமாகப் பார்த்து, போனில் படித்துக் காட்டுவார். இது எந்த ஆணையிலும் இல்லாத வழக்கம், அதிகாரிகளுக்குத் தெரியாது, அல்லது தெரியாதது போல இருந்தார்கள். மனைவி எழுதியது, அம்மா எழுதியது, பங்காளிச் சண்டை, மாடு கன்று போட்டது, எல்லாம் ஆபரேட்டர் குரலில்தான் மேலே போகும். "அன்னைக்கு அவன் ஜாயிண்டப் போட்டுட்டு, கேக்குதா சிகாமணின்னான். கேக்குது. நான் சும்மா இருந்திருக்கணும். எத்திராஜு, ஒனக்கு லெட்டர் வந்து கெடக்கு, மக எழுதியிருக்கா, மேல போயிட்டுக் கூப்பிடு வாசிக்கேம்னேன். மேல போனா மேஜர் லைன விடமாட்டாரு, இப்பவே படின்னான். குண்டும் அப்பம் நின்னிருந்து. அவனுக்க போன் கிளிப்பில ஸ்பிரிங் ஒடஞ்சு கெடந்து, வயர வெரலு வச்சு அமுக்கிப் பிடிச்சாத்தான் சத்தம் கேக்கும், அது எனக்குத் தெரியாது மக்ளே, எனக்கு அது தெரியாது." கோழி மறுபடியும். "நீ இங்கிலீசில எழுதியிருந்த. எனக்க இங்கிலீசு பத்தாங்கிளாசில தோத்த இங்கிலீசு. ஒவ்வொரு எழுத்தாக் கூட்டணும். நான் அர்த்தம் மட்டும் சொல்லட்டான்னு கேட்டேன். அவன் கேக்கல்ல. மொதல்ல அர்த்தம் வேணாம் சிகாமணி, அவ எழுதினத அப்பிடியே படின்னான். படிச்சேன். இன்னொருக்கா படின்னான்."

மை டியர் ஃபாதர். அவளுக்கு அது ஞாபகமிருக்கிறது, ஞாபகம் இல்லாவிட்டால் நன்றாயிருக்கும். கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பு, கடிதம் எழுதுவது எப்படி என்று ஒரு பாடம், அதில் ஒரு மாதிரிக் கடிதம். அதற்கு முன்பெல்லாம் தமிழில்தான் எழுதுவாள், அன்புள்ள அப்பாவுக்கு என்று, அம்மா சொல்லச் சொல்ல. அந்த வருஷம், "இங்கிலீஷ்ல எழுதுடி, ஆபீசருங்களுக்குக் காட்டுவாரு" என்று அம்மாவே சொன்னாள். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று இருவருக்கும் தெரியும். தெரியாது என்பதில்தான் சந்தோஷமே இருந்தது, அதையும் இப்போது ஒப்புக்கொள்ளவேண்டும், அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதில். தாங்கள் பிங்க் ஆஃப் ஹெல்த்தில், அதாவது பூரண ஆரோக்கியத்தில், இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே இறக்கினாள். எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் மூன்றாவது வந்ததை எழுதினாள். ஒரு பக்கம் போதாதென்று, விளையாட்டு விழாவுக்குக் கண்டிப்பாக வரவேண்டும் என்று, பின்பக்கத்திலும். "பிங்குன்னா ரோஸ் கலர்லா மக்ளே? ஒனக்க ஒடம்பு ரோஸ் கலர்ல இருக்கணும்னு எழுதியிருக்கா புள்ளன்னு சொன்னேன். அவன் அங்க கெடந்து சிரிக்கான். அந்தச் சிரிப்பு எனக்கு இப்பவும் காதில கெடக்கு." அந்நேரம் விரல் சிவப்பு போய் வெளுப்பாகி, வெளுப்பிலிருந்து நீலமாகி, நீலத்திலிருந்து வலியே இல்லாமல் போயிருக்கும், வலி போனதும் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பார், அப்படித்தான் எல்லாரும் நினைப்பார்கள், கோப்புகளில் படித்திருக்கிறாள். தமிழில் எழுதியிருந்தால் மூன்று நிமிஷம். சிகாமணி மாமா தமிழ் நன்றாகப் படிப்பார். மூன்று நிமிஷத்தில் விரல் போகாது. கணக்குப் போடாதே என்று தன்னையே அதட்டினாள், ஆனால் அந்தக் கணக்கு அதுவாகவே நடந்துகொண்டிருந்தது, இருபத்தைந்தில் மூன்று போக இருபத்திரண்டு, அந்த இருபத்திரண்டும் அவளுடையது, கான்வென்ட்டுடையது, அம்மாவுடைய ஆசையுடையது. இரண்டு மாதம் கழித்து அப்பாவிடமிருந்து பதில் வந்தது, கோணல்மாணலாக, ஒரு வரி மேலே ஏறி ஒரு வரி கீழே இறங்கி. அப்பா சின்னப்பிள்ளை மாதிரி எழுதியிருக்கார் பாரேன் என்று வகுப்பில் காட்டிச் சிரித்தாள். இடது கையால் அவர் எழுதிய முதல் கடிதம் அது.

விசாரணையில் லெட்டர் என்று சொன்னால் சிகாமணிக்குக் கோர்ட் மார்ஷல், குண்டு விழுகிற நாளில் சண்டை லைனில் சொந்தக் கதை பேசியதற்கு. "பீடின்னு சொல்லிட்டேன், நீ வாய மூடிக்கோன்னான் ஆஸ்பத்திரியில. பீடின்னு அவனே ஒத்துக்கிட்ட பொறவு பதிவேட்ட எவன் பாக்கான். பதக்கம் போச்சேலேன்னு நான் அழுதேன். போவட்டும், என் பொண்ணுக்கு மட்டும் இது தெரியக்கூடாது, தெரிஞ்சா அப்பறம் அது இங்கிலீஷ்ல எழுதறதயே நிறுத்திடும்னான்." பிறகு, கொஞ்சம் செருமிக்கொண்டு, "எனக்கு இனி என்ன செய்வானுவ மக்ளே, போற வயசு. நீ எப்பிடி எழுதினாலும் நான் ஒப்பு வைக்கேன், கேட்டியா. எப்பிடி எழுதினாலும்." அந்தக் கடைசிச் சொல்தான் நேற்றிலிருந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஏனென்றால் அவளிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இணைப்பு நிலைத்து நிற்கிறதா என்பதை உறுதிசெய்ய, அடிவார எக்ஸ்சேஞ்சின் வேண்டுகோளின்படி, லைன்மேன் தொடர்ந்து சோதனையில் இருந்தார். பைக்குள் தனித் தாளில் எழுதியே வைத்திருக்கிறாள். அழகான வாக்கியம். ஓட்டை இல்லை. அவளே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் முத்திரை போட்டு அனுப்பியிருப்பாள். அதை எழுதினால் பதக்கம் வரும், அநேகமாக வரும், கல்லில் காலியிடம் நிரம்பும், தாமோதரன் வாய் அடங்கும், அந்தக் கை துண்டுக்குள்ளிருந்து வெளியே வரும். ஒரு பொய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பொய்யை வைக்கவேண்டும், அவ்வளவுதான், பழையதைவிட மரியாதையான பொய். அப்பா சிரித்த சிரிப்பு மட்டும் அதில் இருக்காது. யாருக்காக மறைக்கிறேன் இப்போது, அவருக்காகவா, எனக்காகவா? அந்த இருபத்திரண்டு நிமிஷம் எந்தத் தாளிலும் இல்லாமல் போவது யாருக்கு வசதி?

"பூங்கோதை மேடம்!" ஷாகிரா கூப்பிட்டாள். அதிகாரி வந்துவிட்டிருந்தார், உள்ளே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. "பதினாலு காலியா இருக்கே. சார் சாப்பிடப் போறதுக்குள்ள வைக்கணும்னா பத்து நிமிஷம்தான். இன்னொண்ணு, ஐயா கையெழுத்து." அவர் பட்டாளத்தில் சேர்ந்தபோது எழுதிய தாளின் நகலையும் புதிய படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பத்தொன்பது வயதில் வலது கையால் போட்ட கையெழுத்து ஒன்று, சுழித்து, வாலை நீட்டி, உலகத்தையே வாங்கிவிடுகிறவன் மாதிரி. இன்னொன்று இடது கை. "ரெண்டும் ஒத்துப் போகல. திருப்பி அனுப்பிடுவாங்க." "எப்படிம்மா ஒத்துப்போகும், அந்தக் கைதான் போயிடுச்சே, அதுக்குத்தானே இந்த விண்ணப்பமே" என்றாள் பூங்கோதை, குரல் எதிர்பார்த்ததைவிட உயர்ந்துவிட்டது. "எனக்குப் புரியுது மேடம். கோச்சுக்காதீங்க. பெருவிரல் ரேகை வச்சிடலாம். ரேகை வச்சா மட்டும், படிவத்துல இருக்கறது முழுக்க ஐயாவுக்குப் படிச்சுக் காட்டி, தமிழ்ல விளக்கிச் சொல்லியாச்சுன்னு நான் சாட்சி போடணும். சும்மா போடமாட்டேன், என் முன்னாடி படிக்கணும்." அப்பா எழுந்து வந்து கவுண்டரில் சாய்ந்து நின்றார். "படிக்கட்டுமே" என்றார். பூங்கோதை பைக்குள் கையை விட்டாள். விரல் அந்தத் தனித் தாளைத் தொட்டது, அதன் மடிப்பைத் தொட்டது. மின்விசிறி டக் என்றது. தாளை உள்ளேயே விட்டுவிட்டுப் பேனாவை மட்டும் எடுத்தாள். நின்றபடியே எழுதினாள். வயர் அறுந்தது, தனியாகப் போனது, கையுறையைக் கழற்றி இணைத்தது, 17.10. பிறகு நிறுத்தாமல், நிறுத்தினால் கை வேறு பக்கம் போய்விடும் என்று, மகளிடமிருந்து வந்திருந்த கடிதத்தை ஆபரேட்டர் ஞானசிகாமணி படித்துக் காட்ட, அதைக் கேட்பதற்காக வெறுங்கையால் வயரைப் பிடித்தபடி 17.35 வரை நின்றது, கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் நேரமானது, பீடி எதுவும் இல்லை, அவர் எந்நாளும் பீடி குடித்ததில்லை. எழுத்தின் கால்கள் கட்டத்துக்கு வெளியே நீண்டன. விரிந்த எழுத்து, கோணல் எழுத்து, அவளுடையதா என்று அவளுக்கே சந்தேகம்.

"அப்பா, இதுல நான் என்ன எழுதியிருக்கேன்னா..." என்று தொடங்கினாள். அவர் இடது கைப் பெருவிரலை மைப் பெட்டியில் அழுத்தித் தூக்கியிருந்தார். "மொதல்ல அர்த்தம் வேணாம் பாப்பா," என்றார். "எழுதினத அப்பிடியே படி." ஆங்கிலத்தில் படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தூரத்திலிருந்து வருகிற எதையோ பிடிப்பதுபோல் கேட்டார். லைன் வந்தது, ஜாயிண்ட் வந்தது, தலை லேசாக ஆடியது. லெட்டர் என்று வந்த இடத்தில் ஆட்டம் நின்றது. டாட்டர். ஞானசிகாமணி. கண் திறக்கவில்லை. ஆனால் மடிந்திருந்த துண்டு தோளுக்குப் போயிற்று, வலது கை கவுண்டரின் மேல் வந்து விரிந்து கிடந்தது, தாமோதரனும் பெஞ்சில் இருந்த எல்லாரும் பார்க்கிற மாதிரி. அவள் படித்து முடித்தாள். "சிகாமணிப் பயலுக்கு வாய வச்சிக்கினு சும்மா இருக்க முடியல" என்றார் அப்பா. ஷாகிரா ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டவள், பேனாவை மூடித் திறந்து மூடினாள். "ஐயா, நான் சொல்லக்கூடாது, ஆனா இப்படி எழுதினா மெடல் மேல நின்னுடும். வராது." அப்பா கண்ணைத் திறந்தார். "பீடி போவுமா?" "சாட்சி, பதிவேடு எல்லாம் இருக்கறதால அத எடுக்கச் சொல்லிக் கேக்கலாம் ஐயா. அது போகும்னுதான் நெனைக்கிறேன்." "அப்ப சரி." பெருவிரலைத் தாளின் அருகே கொண்டுபோனவர் அரை விரற்கடை மேலேயே நிறுத்தினார். மகளைப் பார்க்கவில்லை, சுவர் விளம்பரத்தைப் பார்த்தார், அல்லது அதற்கும் பின்னால் எதையோ.

"இன்னொருக்கா படி" என்றார்.

ஷாகிரா கடிகாரத்தைப் பார்த்தாள், மைப் பெட்டியை மூடி ஓரமாக நகர்த்தி வைத்தாள். ஊதா மை காயக் காயப் பெருவிரல் அந்தரத்தில் நின்றது. பூங்கோதை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள், ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல்.